தொற்று குறைந்தது, இறப்பு ஏன் கூடியது?

கேள்வி: கொரோனா இரண்டாம் அலையில் அரசு அறிக்கையில் வந்த எண்ணிக்கையைத் தினமும் நோட்டில் குறித்துவைத்தேன். இப்போது வரைபடத் தாளில் போட்டுப் பார்த்தால், தொற்று குறைந்த நாட்களில் இறப்பு கூடியிருக்கிறது. சில நாள் எண் எகிறுகிறது, மறுநாளே படுத்துவிடுகிறது. கணக்கை மறைத்தார்களா? இன்னொரு அலை வந்தால் எந்த எண்ணை நம்புவது?
— ஓய்வுபெற்ற கணக்காசிரியர், தென்காசி

பதில்: ஐயா, முதல் சந்தேகத்தை உங்கள் நோட்டை வைத்தே தீர்த்துவிடலாம். 2021 மே 21-ல் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று, 467 இறப்பு. மே 30-ல் தொற்று 28,864 ஆக இறங்கிவிட்டது, இறப்போ 493. தொற்று உறுதியாகி, மூச்சுத்திணறல் வந்து, தீவிர சிகிச்சைக்குப் போய் ஒருவர் இறக்கப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மே 30-ன் 493 பேரில் பலர், அலை ஏறிக்கொண்டிருந்த நாட்களில் தொற்றுக்கு ஆளானவர்கள். இரண்டு கோட்டையும் அதே தேதியில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

எகிறுவதும் படுப்பதும் வேறு கதை. அறிக்கையில் வருவது அன்று தொற்றியவர்கள் கணக்கோ, அன்று இறந்தவர்கள் கணக்கோ அல்ல; அன்று மேசைக்கு வந்து சேர்ந்த கணக்கு. ஞாயிறன்று சோதனை குறையும், அடுத்த ஓரிரு நாள் எண் தணியும். அதை வைத்து ‘கொரோனா இறங்குமுகம்’ என்று செவ்வாய்க்கிழமை தலைப்புப் போட்ட பத்திரிகைகளை என்ன சொல்ல! ஏழு நாள் சராசரி எடுத்தால் இந்த ஆட்டம் அடங்கிவிடும்.

ஆனால் தேதிச் சிக்கல் சராசரிக்கு அடங்காது. 2020 ஜூலை 22-ல் சென்னையில் விடுபட்டிருந்த 444 இறப்புகளை அரசு மொத்தக் கணக்கில் சேர்த்தது. அவை மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை நடந்தவை. அன்று புதிதாக அறிவித்தது 74. இரண்டையும் கூட்டி ‘ஒரே நாளில் 518’ என்று புள்ளி வைத்தால், நடக்காத ஒரு பேரழிவை வரைந்தவர் ஆவீர்கள். இதில் தமிழக அறிக்கையைப் பாராட்டவும் வேண்டும். ஒவ்வொரு இறப்புக்கும் வயது, இணை நோய், மருத்துவமனையில் சேர்ந்த தேதி, இறந்த தேதி எல்லாம் அதில் இருந்தன. பொறுமை உள்ளவர் இறந்த தேதிப்படி சரியான கோட்டைப் போட்டிருக்க முடியும். அதை அரசே போட்டு முதல் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மறைத்தார்களா என்கிறீர்கள். விடுபட்டது உண்மை, சோதனையே செய்யாமல் வீட்டில் இறந்தவர் எந்தப் பட்டியலிலும் ஏறமாட்டார். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 47 லட்சம் இறப்புகள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கு ஐந்து லட்சத்துக்கும் குறைவு. அந்த மதிப்பீட்டு முறையையே மத்திய அரசு ஏற்கவில்லை. ஆனால் விடுபட்டதெல்லாம் மறைத்தது ஆகாது. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றுகள் கணக்கில் ஏறவில்லை. காரணம், 65,536 வரிசைக்கு மேல் இடமில்லாத பழைய வகை எக்செல் கோப்பு. மிஞ்சியவை சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. நோயாளிகளுக்கு முடிவு போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலைதான் நாள்கணக்கில் தள்ளிப்போனது. விடுபட்டதைச் சேர்த்தபோது அக்டோபர் 4-ன் எண் 22,961 ஆயிற்று.

இனி எதைப் பார்ப்பது? தொற்று எண்ணை மட்டும் தனியாகப் பார்க்காதீர்கள். சோதித்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்குத் தொற்று என்று பாருங்கள். சோதனையைப் பாதியாகக் குறைத்தால் தொற்று எண் குறையும், இந்த விகிதம் பெரும்பாலும் ஏறும். ஊரடங்கைத் தளர்த்துமுன் இது இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இதைவிட நான் நம்புவது ஆக்சிஜன் படுக்கையில் எத்தனை பேர் என்ற எண். மூச்சுத் திணறுகிறவர் சோதனை முகாமுக்காகக் காத்திருக்கமாட்டார். படுக்கைகள் நிரம்பிவிட்டால் அந்த எண்ணும் நின்றுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. அடுத்த முறை இறந்த தேதிப்படி கோடு போட்டால், கடைசிப் பத்துப் பதினைந்து நாளைப் புள்ளிக்கோடாக விடுங்கள்; அந்த நாட்களின் கணக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும்.