தன்மைகாட்டி

புதுக்கோட்டை மாவட்டத்தில் குன்றாண்டார்கோவில் என்றோர் ஊர் உண்டு. அங்குப் பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயிலும், அதன் முன்னே குதிரைகள் பூட்டிய தேர்போலச் சமைத்த கல்மண்டபமும் காண்போர் கருத்தைக் கவர்வன. செங்கற்சுவரில் பிழை நேரின் பிரித்துக் கட்டலாம். குடைவரையிலோ, உளி பெயர்த்த கல்லை மீண்டும் ஒட்டவைத்தல் இயலாது. ஆதலின், தான் கருதியது பாறைக்குள் அடங்குமா என்பதைச் சிற்பி முன்னரே கணித்தறிதல் வேண்டும். இருபடிச் சமன்பாட்டிற்கு அத்தகைய முன்னறிவைத் தருவதே தன்மைகாட்டி என்பது.

எருவின் பொருட்டு அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கிடைக்காரர் ஒருவரிடம் 40 மீட்டர் நீளத்திற்குப் படல் உள்ளது எனக் கொள்வோம். வயலுக்குரியவர், “செவ்வகமாக 96 சதுர மீட்டர் அடைத்துத் தாரும்” என்கிறார். நீளமும் அகலமும் சேர்ந்து 20 மீட்டர். நீளத்தை ந என்க. அகலம் 20 − ந ஆகும். எனவே ந(20 − ந) = 96; அதாவது ந² − 20ந + 96 = 0.

இத்தகைய சமன்பாட்டைத் தீர்க்க ஸ்ரீதரர் என்னும் பண்டைக் கணித அறிஞர் அழகியதொரு வழி வகுத்தார். அவ்விதி அடங்கிய அவரது நூல் மறைந்தது. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் அதனை எடுத்தாண்டமையால் விதி பிழைத்தது. சமன்பாடு கந² + சந + ட = 0 என்றிருப்பின், இருபுறமும் 4க-வால் பெருக்கிப் பின் ச²-ஐக் கூட்டுக. அப்போது கிடைப்பது:

(2கந + ச)² = ச² − 4 × க × ட

இடப்புறம் முழுவதும் ஒரு வர்க்கமாயிற்று. வலப்புறம் நிற்பதே தன்மைகாட்டி. 1851-இல் ஆங்கிலக் கணித அறிஞர் சில்வெஸ்டர் இதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டினார். மூலங்களின் தன்மையைக் காட்டுதலின் தமிழில் இப்பெயர் பெற்றது.

நம் கிடைக்குத் தன்மைகாட்டி 400 − 384 = 16. அதன் வர்க்கமூலம் 4. 20-உடன் அதனைக் கூட்டியும் கழித்தும் பாதியாக்கினால் 12, 8 என்னும் இரு மூலங்கள் வரும். கிடை 12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடையது. 100 சதுர மீட்டர் வேண்டுமெனின் தன்மைகாட்டி சுழியம். இரு மூலங்களும் ஒன்றாகிப் பக்கம் 10 மீட்டர் உள்ள சதுரம் அமையும்.

“இன்னும் நான்கே சதுர மீட்டர் கூட்டி 104 ஆக்கும், அதற்கேற்பக் கூலி தருவேன்” என்று வயலுக்குரியவர் கூறினால்? கேட்பதற்குச் சிறிய வேண்டுகோள்தான். ஆயினும் தன்மைகாட்டி 400 − 416 = −16. எவ்வெண்ணின் வர்க்கமும் குறையெண் ஆகாதே! கணக்கறியாக் கிடைக்காரர் விடியுமளவும் படலை மாற்றி மாற்றி நட்டாலும் 104 வாராது. கூலி வாராமைக்கு அவர் கைத்திறனின்மை காரணமன்று.

9-ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்து வாழ்ந்த மகாவீரர், குறையெண் வர்க்கமாகாது. ஆதலின் அதற்கு வர்க்கமூலம் இல்லை எனத் தம் கணிதசாரசங்கிரகத்தில் தெளிவாக உரைத்தார். அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912-இல் சென்னையில் பதிப்பித்தவர் ரங்காசாரியார். பிற்காலத்தார் குறையெண்ணின் மூலத்தையும் கற்பனை எண்ணென ஏற்று மின்னியல் கணக்குகளில் பெரும்பயன் கொண்டனர்; எனினும் கற்பனை நீளத்திற்குப் படல் கட்டுவார் இலர்.

கேட்கும் பரப்பை ப எனப் பொதுவாகக் கொண்டால், தன்மைகாட்டி 400 − 4ப. இது குறையெண் ஆகாதிருக்க, ப 100-ஐ மிஞ்சலாகாது. ஒரு படலையும் நடாமலே, 40 மீட்டர் படலால் செவ்வகமாக அடைக்கத்தக்க பெரும்பரப்பு 100 சதுர மீட்டர் எனத் தெரிந்துவிடுகிறது. படல் 60 மீட்டராயின் அப்பெரும்பரப்பு யாதென நீங்களே கண்டு கூறுங்கள்.