கத்தி வைக்காமல் கட்டியை அறிய முடியுமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு எட்டு மாதம். தடுப்பூசி போடப் போன இடத்தில், நெஞ்சில் வேறு ஏதோ சத்தம் கேட்கிறது என்று எக்கோ எடுக்கச் சொன்னார்கள். இடது கீழறைச் சுவரில் ஒரு கட்டி இருக்கிறதாம். மயக்க மருந்து கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறார்கள். சதை எடுத்துப் பரிசோதிக்காமல், வெறும் படத்தை வைத்து என்ன கட்டி என்று சொல்ல முடியுமா டாக்டர்? கேன்சரோ என்று வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.
— வாசகி, கரூர்

பதில்: குழந்தைகளின் இதயத்தில் வரும் கட்டிகளில் பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்ல. முதலில் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள் அம்மா. ஆனால், அது எந்த வகைக் கட்டி என்று தெரிந்தே ஆகவேண்டும்.

இந்த வயதில் அதிகம் பார்ப்பது ராப்டோமயோமா. பெரும்பாலும் ஒன்றாக இருக்காது, பலவாக இருக்கும். ரத்த ஓட்டத்தை அடைக்காமல், துடிப்பைக் கெடுக்காமல் இருந்தால் கை வைக்க மாட்டோம். வளர வளரத் தானாகவே சுருங்கிவிடும். அடுத்தது ஃபைப்ரோமா. அநேகமாக ஒற்றைக் கட்டி, கீழறைச் சுவரில். இது தானாகக் கரைவதில்லை. திடீரென்று துடிப்பைத் தாறுமாறாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டிவரும். ஒன்றில் காத்திருக்கிறோம், மற்றதில் காத்திருப்பதே ஆபத்தாகலாம்.

உங்கள் மகனுக்கு இருப்பது ஒற்றைக் கட்டி. எக்கோ மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிப்பது கடினம். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. ஒரே கட்டியைப் பல விதமாகப் படமெடுக்கலாம். டி2 என்ற வகைப் படத்தில் ராப்டோமயோமா பளிச்சென்றும், ஃபைப்ரோமா இருண்டும் தெரியும். பிறகு கடோலினியம் என்ற மருந்தை நரம்பில் செலுத்தி, சுமார் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். நார் அடர்ந்த ஃபைப்ரோமா அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒளிரும். ராப்டோமயோமாவில் அப்படி அநேகமாகத் தேங்காது. ரத்தக்கட்டி என்றால் மருந்து உள்ளேயே போகாது. சி.டி. நொடிகளில் முடிந்துவிடும், சுண்ணாம்புப் படிவையும் நன்றாகக் காட்டும். ஆனால் கதிர்வீச்சு உண்டு; அதனால் அதை இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறோம்.

துடித்துக்கொண்டிருக்கும் பிஞ்சு இதயத்தில் ஊசி விட்டுச் சதை எடுப்பதில் ரத்தக்கசிவு அபாயம் இருக்கிறது. படம் தெளிவு தராதபோதோ, புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும்போதோதான் அங்கே போவோம்.

மயக்க மருந்துப் பயம் நியாயமானது. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். தாய்ப்பாலைப் பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பிள்ளை அழுகிறானே என்று இடையில் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. ராப்டோமயோமா உள்ள குழந்தைகளில் பலருக்கு டியூபரஸ் ஸ்க்ளீரோசிஸ் என்ற மரபணு நோயும் இருக்கும். குளிப்பாட்டும்போது உடம்பில் இலை வடிவ வெளிறிய தேமல் தெரிகிறதா என்று பாருங்கள். திடுக்கிட்டதுபோல் தலை குனிந்து, கைகளை விரித்து, அடுத்தடுத்துப் பலமுறை உடம்பை உதறினால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, எம்.ஆர்.ஐ. தேதிக்குக் காத்திராமல் அன்றே குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.