உறுதியும் ஒப்புதலும்: ஓர் இளம் சட்டத்தரணிக்குக் கடிதம்

பாண்டிருப்பு.

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே விடை எழுதாமைக்குக் காரணம் அசிரத்தை அன்று. நாற்பது ஆண்டு காலம் கல்முனை நீதிமன்றங்களிலும், நொத்தாரிசாக இந்தக் கரையோர ஊர்களின் விறாந்தைகளிலும் தொழில் செய்த எனக்குக் காணிப் பிணக்கென்றால் மறுநாளே எழுதிவிடும் துணிவு உண்டு. நீ கேட்டிருப்பதோ காணியும் அல்லாத, இன்னும் குழந்தையும் ஆகாத ஒன்றைப் பற்றிய கேள்வியாதலால், எழுதுவதும் கிழிப்பதுமாகவே இந்த நாட்கள் கழிந்தன. தொழிலுக்குப் புதிதாக வரும் பிறருக்கும் பயன்படட்டும் என்று நீ விரும்பியபடி இதனைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதுகிறேன். உன்னிடம் வந்த பெண்ணின் பெயரையும் ஊரையும் எனக்குக்கூடச் சொல்லாமல் விட்டாயே, அந்த அடக்கத்தை ஆயுள் முழுவதும் காப்பாற்று.

அவள் உன் மேசையில் ஒரு கட்டு ரசீதை வைத்தாள் என்று எழுதியிருந்தாய். கணவனும் அவளும் சேர்ந்து உருவாக்கி, சிகிச்சை நிலையம் ஒன்றில் உறையவைத்த கருக்களுக்கு ஆண்டுதோறும் செலுத்தும் சேமிப்புக் கட்டணத்தின் ரசீதுகள் அவை. கணவன் பிரிந்து சென்ற பின்னர் வந்தவை யாவும் அவள் பெயரிலேயே இருந்தன. "நான்தானே கட்டி வாறன், எனக்குத்தானே உரித்து" என்று அவள் கேட்டபோது உனக்குப் பேச்சு எழவில்லை என்றாய். வரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு காணியே தனதென்று வாதாடியவர்கள் பலரை நான் கண்டவன். ஆயினும் இவளுடைய கேள்வியை அந்த வரிசையில் சேர்த்துவிட என் மனம் ஒப்பவில்லை.

நம் கரையின் வழக்கத்தை எண்ணிப் பார். தமிழராயினும் முஸ்லிம்களாயினும் இங்கே குடி தாய்வழி, வீடு மகளுக்கு, கலியாணம் முடித்த மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வருகிறான். பிணக்கு முற்றினால் அவன் தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டுகிறான். வீடும் பிள்ளைகளும் பெரும்பாலும் அவள் பக்கமே நிற்கும். இப்படியொரு மண்ணிலே பிறந்து வளர்ந்த பெண், கருவும் தாயோடே என்று நம்புவதில் வியப்பென்ன? ஆனால் வீடு அவளுக்கு வந்தது அவளுடைய பெற்றோர் முடித்துக்கொடுத்த உறுதியினால். கரு வந்ததோ இரண்டு மனிதருடைய சங்கல்பத்தினால். வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

பாடநூல்கள் முளையம் என்று பெயரிட்ட அந்த நுண்பொருள், திரவ நைதரசனின் −196 பாகைக் குளிரிலே, வளர்ச்சியும் தேய்வுமின்றிக் கிடக்கிறது. 1978 ஒக்டோபர் 3 ஆம் திகதி கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இவ்வாறு உறையவைத்த கருவிலிருந்து ஒரு பெண் குழந்தையைப் பிறக்கச் செய்தபோது அவரை அவர் காலம் நம்பவில்லை. இன்றோ அது சாதாரண சிகிச்சை. கருவுக்குக் காலத்தை நிறுத்தி வைக்க விஞ்ஞானம் கற்றுவிட்டது. கணவன் மனைவியின் மனத்துக்கு அதனை எவராலும் நிறுத்த இயலாது. உன் மேசைக்கு வந்த வழக்கு முழுவதும் இந்த ஒன்றிலிருந்தே பிறந்தது.

நம்முடைய கல்முனை நீதிமன்றம் பெற்றோர் யார் என்ற கேள்வியை உலகமே பார்த்திருக்க ஒரு முறை விசாரித்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக் கடற்கோளின் பின், இடிபாடுகளிடையே கண்டெடுக்கப்பட்டுக் கல்முனை ஆஸ்பத்திரியில் 81 ஆம் இலக்கத்தோடு பதிவான ஆண் குழந்தையைப் பற்றி நீ சிறுமியாய் இருந்த நாளில் கேள்விப்பட்டிருப்பாய். ஒன்பது தம்பதியர் உரிமை கோரினர் என்று பிறநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தை முறைப்படி நாடியவர்களோ ஒரே தம்பதியர். மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் எனக் காட்ட, 2005 பெப்ரவரியில் குழந்தை அவர்களுடைய கையில் சேர்ந்தது. அங்கே இரத்தம் பேசியவுடன் வழக்கு முடிந்தது. உன் வழக்கிலோ இரத்தத்தைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. தந்தை யார், தாய் யார் என்பது படிவத்திலேயே இருக்கிறது. இங்கே கேட்கவேண்டிய கேள்வி, பெற்றோர் ஆவதற்கு இருவருக்கும் இன்று சித்தம் உண்டா என்பதே. அதற்கு விடைதரும் பரிசோதனைக்கூடம் எங்கும் இல்லை.

இதே கேள்வி எழுந்த இங்கிலாந்தின் நட்டாலி எவன்ஸ் வழக்கை முடிவு வரியோடு நிறுத்திவிடாமல், அதன் நிகழ்ச்சிகளை ஆறுதலாகப் படி. இரண்டு சூலகங்களிலும் புற்றாக மாறக்கூடிய கட்டிகள் உள்ளன, அவற்றை அகற்றவேண்டும், அதற்கு முன் முட்டைகளை எடுத்துக் கருவாக்கி வைக்கலாம் என்ற செய்தியும் விளக்கமும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துச் சந்திப்பில் முடிந்தன. கருவாக்காமல் முட்டையை மட்டும் உறையவைக்க இயலுமா என்று அவர் கேட்டார். அந்தச் சிகிச்சை அங்கே செய்யப்படவில்லை. அருகிலிருந்த அவருடைய துணைவர் ஹோவர்ட் ஜோன்ஸ்டன், நாம் பிரியப்போவதில்லை, அவ்வாறு எண்ணவும் வேண்டாம் என்று தேற்றினார். 2001 நவம்பர் 12 இல் 11 முட்டைகள் எடுக்கப்பட்டு 6 கருக்கள் உறைநிலைக்குச் சென்றன; இரு வாரங்களில் சூலகங்கள் அகற்றப்பட்டன; 2002 மே மாதத்தில் உறவு முறிந்தது. கரு பயன்படுத்தப்படும் வரை எவரும் ஒப்புதலை மீளப்பெறலாம் என்ற 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜோன்ஸ்டன் தம் ஒப்புதலை மீளப்பெற்றார். ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2007 ஏப்ரல் 10 ஆம் திகதி, நால்வர் மாறுபட்டு நிற்க, பதின்மூவரின் தீர்ப்பாக அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. தன் உடம்பிலிருந்து தனக்குப் பிறக்கக்கூடிய கடைசிக் குழந்தையின் வாய்ப்பை அந்தப் பெண்மணி அன்று இழந்தார்.

இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமோ 1996 இல், கருப்பையை இழந்த ரூத்தி நஹ்மானியின் வழக்கில், எழுவருக்கு நால்வர் என்ற கணக்கில் மனைவியின் பக்கமே தீர்த்தது. அமெரிக்காவின் டெனசி மாநில உச்ச நீதிமன்றம் 1992 இல் டேவிஸ் தம்பதியரின் ஏழு கருக்களைப் பற்றி, அவை மனிதரும் அல்ல, சொத்தும் அல்ல, தனித்த மதிப்புக்குரிய இடைநிலைப் பொருள் என்றது. மற்றவருக்குத் தாயாகவோ தந்தையாகவோ ஆக வேறு நியாயமான வழி இருக்குமாயின், வேண்டாம் என்பவர் சொல்லே பெரும்பாலும் வெல்லும் என்றும் வகுத்தது. அந்தத் தீர்ப்புகளின் நடுவே நான் நெடுநாள் தடுமாறியிருக்கிறேன். இன்று என் அபிப்பிராயம் இது: தாய்மையோ தந்தைமையோ ஒருவர்மேல் அவருடைய சித்தத்துக்கு மாறாகச் சுமத்தப்படலாகாது, ஏனெனில், பிறக்கும் சிசு ஒரு வழக்கின் வெற்றிச்சின்னமாகப் பிறக்கலாகாது. ஆயினும் இந்த நியாயத்தின் பாரம் முழுவதும் பெண்ணின் தலையிலேயே விழும் சந்தர்ப்பங்கள் உண்டு என்பதை அறிந்து, அந்தப் பாரத்தைக் குறைப்பதற்கான வேலையைக் கருவை உறையவைக்கும் முன்னரே செய்யவேண்டும்.

நமது நாட்டில் இதற்கென ஒரு தனிச்சட்டம் இல்லை. இந்தியா 2021 இல் இயற்றிய சட்டம், கருப்பையில் சேர்க்கும் வரை தம்பதியர் ஒப்புதலை மீளப்பெறலாம் என்றும், கருவைப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றும் கூறுகிறது. நம்மிடம் உள்ளதோ 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112 ஆம் பிரிவு. விவாகம் நிலைத்திருக்கையிலோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாதிருக்க 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை கணவனுடையதே என்று அது கொள்கிறது. உறைநிலையில் ஆண்டுகள் கிடந்து, விவாகரத்தின் பின் கருப்பைக்குச் செல்லும் ஒரு கருவை அதனை எழுதியவர்கள் கனவிலும் கண்டவர்கள் அல்லர். உன்னிடம் வரும் முஸ்லிம் கட்சிக்காரர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. 1980 இல் எகிப்தில் வழங்கப்பெற்ற ஃபத்வா முதலாக, அறிஞர்களிற் பெரும்பாலார் இச்சிகிச்சையை நிலைத்திருக்கும் நிக்காஹ்வுக்குள் மட்டுமே அனுமதித்துள்ளனர். மீட்கத்தக்க தலாக்கின் இத்தா என்னும் காத்திருப்புக் காலம் முடியும் வரை நிக்காஹ் முற்றாக அறுவதில்லை ஆகையால், பிரிவு எந்த நாளில் நிலைபெற்றது என்பதைக் காதி நீதிமன்றப் பதிவில் பாராமலும், ஆலிம்களிடம் கேளாமலும் அவர்களுக்கு ஒரு சொல்லும் சொல்லாதே.

சட்டம் இல்லாத இடத்தில் படிவமே சட்டமாகிவிடுகிறது. ஆகையால் படிவத்தைப் பற்றி என் தொழிலில் நான் கற்ற ஒன்றைச் சொல்லுகிறேன். மருதமுனையில் ஒரு நெசவாளர் வீட்டுக்குச் சீதன உறுதி முடிக்கச் சென்றிருந்தேன். தறிச்சத்தம் நின்றது, பாய் விரித்தார்கள், மகளும் வரப்போகும் மருமகனும் இரு புறத்திலும் இருந்தனர். "இவர்களுக்குள் பிணக்கு வந்தால் வீடு யாருக்கு என்று எழுதட்டும்?" என்று நான் கேட்டதும் கூடத்தில் அத்தனை முகங்களும் கறுத்தன, நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசுகிறார் என்று ஒருவர் எழுந்தே போனார். அந்த முதிய நெசவாளர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மகள், நீயே ஒருக்கா வாசி" என்று தாளை அவளிடம் நீட்டினார். அவள் ஒவ்வொரு வரியாக வாசித்து முடிக்கும் வரை தறி ஓடவில்லை. அதற்கு முன் எத்தனையோ வீடுகளில் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூசி, கைநாட்டை மட்டும் வாங்கி வந்திருக்கிறேன். அவற்றிற் சில பின்னர் நீதிமன்றம் வந்தபோது, கேளாத கேள்வியின் குற்றம் என்னுடையதென்றே உணர்ந்தேன்.

காணி உறுதி ஒரு முறை முடித்தால் முடிந்ததுதான். அதனாலேயே அதற்கு உறுதி என்று பெயர். கருவுக்குத் தரும் ஒப்புதல் உறுதி அன்று. அது இட்ட நாளில் பிறந்து, கருப்பையில் கரு சேரும் நாள் வரை உயிரோடு இருக்கவேண்டிய சொல். ஆகையால் எந்தத் தம்பதியராவது சிகிச்சைக்கு முன் உன் ஆலோசனையை நாடினால், கணவனைத் தனியாகவும் மனைவியைத் தனியாகவும் இருத்தி, பிரிவு வந்தால் என்ன, ஒருவர் இறந்தால் என்ன, எத்தனை ஆண்டு வைப்பது, எவருக்கும் வேண்டாதபோது என்ன செய்வது என்று அவரவர் வாயாற் சொல்லவைத்து எழுது. நோயினால் சூலகத்தை இழக்கப்போகிற பெண்ணாயின், முட்டைகளில் ஒரு பங்கையேனும் கருவாக்காமல் தன் பெயரில் வைக்க வழியுண்டா என்று வைத்தியரிடம் கேட்கச் சொல். ஒவ்வொரு தடவை கருவை எடுக்கும்போதும் இருவரையும் புதிதாகக் கேட்கவேண்டும் என்ற வரியைப் படிவத்தில் சேர்க்கச் சொல். அபசகுனம் என்பார்கள், சொல்லட்டும்.

இனி, அந்த ரசீதுக்காரப் பெண். கட்டணம் செலுத்தியதனால் பாத்தியதை வந்துவிடாது என்ற உண்மையை அவளுக்கு மறைக்காதே. ஆனால் அதனை முதல் வார்த்தையாகவும் சொல்லாதே. அவர்கள் ஒப்பமிட்ட படிவத்தின் பிரதியைச் சிகிச்சை நிலையத்திடம் எழுத்தில் கோரு. முடிவு வரும் வரை எதனையும் அழிக்கலாகாது என்றும் எழுது. பின்னர் அவள் கணவனுக்கு ஒரு கடிதம் அனுப்பு; அது வழக்குக் கடிதமாக இராமல், உமது சித்தம் இன்று என்ன என்று கேட்கும் கடிதமாக இருக்கட்டும். அவன் மறுத்தால், அந்த மறுப்பை அவளிடம் நீயே நேரில் சொல். அவள் அந்த ரசீதுக் கட்டைத் திரும்பக் கேட்கும் வரை மேசையிலேயே இருக்கவிடு. அவளாகவே எடுத்துக்கொண்டு எழும் வரை அடுத்த கட்சிக்காரரை அழைக்காதே.

இப்படிக்கு,
உன் மாமா