தலைவலி இல்லையே, மாத்திரை எதற்கு?

"எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே கம்பவுண்டர் சார், பிறகு மாத்திரை எதற்கு?" பீர்மேடு பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மருந்தகத்தில் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஓய்வு பெற்றுக் கொழிஞ்சாம்பாறைக்குக் குடிவந்த பின்னும், தென்னந்தோப்பு வேலைக்கு வரும் நம் ஆட்கள் அதையேதான் கேட்கிறார்கள்.

இரத்தக் கொதிப்பு என்றால் தலை சுற்ற வேண்டும், பிடரி வலிக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல. 140/90-க்கு மேல் ஆண்டுக்கணக்கில் நிற்கும் அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் இதயமும் சிறுநீரகமும் கெடும் என்பது பலருக்குத் தெரியும். மூளையும் கெடும் என்பதுதான் தெரிவதில்லை.

எருத்தேம்பதி, வடகரப்பதி பகுதிகளில் சொட்டுநீர்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பெரிய குழாய் படிப்படியாகச் சிறிய குழாய்களாகப் பிரிந்தால், கடைசிக் குழாயில் தண்ணீரின் வேகம் தணிந்துவிடும். பெரிய குழாயிலேயே ஓட்டை போட்டு மெல்லிய குழாயைச் செருகினால்? மோட்டாரின் முழு வேகமும் அதன் மேல்தான். மூளையின் ஆழத்திலுள்ள நுண்ணிய தமனிகள் இப்படித்தான் பெரிய தமனிகளிலிருந்து நேராகக் கிளம்புகின்றன. நாள்தோறும் அடிபட்டு அவற்றின் சுவர் தடிக்கிறது, உள்வழி சுருங்குகிறது. சில வெடிக்கும், அது மூளை இரத்தக்கசிவு. சில அடைபடும். அடைபட்ட இடத்தைப் பொறுத்துக் கை கால் விழலாம். அல்லது வெளியே ஒன்றுமே தெரியாமல் கடலைப் பருப்பளவு மூளை செத்துப்போகலாம்.

வெளியே தெரியாத இந்த வகைதான் எனக்குப் பெரிய கவலை. தோட்டத்தில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து எடையில் கணக்கப்பிள்ளையையே திருத்துவார். ஐம்பத்தைந்து வயதில் தன் எடைச்சீட்டைக் கூட்டவே தடுமாறினார், நடையும் தளர்ந்தது. "வயசாகிவிட்டது" என்றார்கள் வீட்டில். மாத்திரையைப் பல ஆண்டுகளாக விட்டு விட்டுச் சாப்பிட்டவர் அவர். ஸ்கேன் எடுத்தபோது பழைய சிறு அடைப்புகள் பல தெரிந்தன. பக்கவாதம் என்று ஒரு நாளும் படுத்ததில்லை.

அழுத்தத்தைக் குறைத்தால் இதைத் தடுக்க முடியுமா? அமெரிக்காவில் 'ஸ்பிரின்ட்' என்ற ஆய்வில் 50 வயது கடந்த 9,361 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மேல் அளவை 120-க்குக் கீழும், மற்றவர்களுக்கு 140-க்குக் கீழும் வைக்க முயன்றார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, முதல் பிரிவினரிடம் நினைவும் சிந்தனையும் லேசாகக் குறைவது 19 விழுக்காடு குறைவாக இருந்தது. முற்றிய மறதிநோய் குறைந்ததா என்பதை அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதைப் படித்துவிட்டு எல்லோரும் 120-க்கு இறங்கவும் கூடாது. முதியவர்கள் எழும்போது தலைசுற்றி விழக்கூடும். உங்கள் அளவை டாக்டர் முடிவு செய்யட்டும்.

1945 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய அழுத்தம் மிக அதிகம் என்று டாக்டர்களுக்குத் தெரியும். ஆனால் அன்று நல்ல மருந்து இல்லை. அவருக்குக் கிடைக்காத மாத்திரை இன்று கேரளத்தில் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தில் இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

எல்லைக் குடும்பங்களுக்குச் சிக்கல் இங்கேதான். கம்பத்தில் மாத்திரை வாங்கும் அம்மா குமுளியில் மகன் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் தங்குவார்; பத்தாம் நாள் மாத்திரை தீர்ந்துவிடும். "ஊருக்குப் போய் வாங்கிக்கலாம்" என்பார். வேறு சிலரிடம் இரண்டு மாநிலத்துச் சீட்டும் இருக்கும். அட்டையில் பெயர் வேறாக இருப்பதால் ஒரே மருந்தை இரண்டாகச் சாப்பிடுவார்கள். இரண்டு சீட்டையும் காலி அட்டைகளையும் ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். பயணத்துக்கு முன் கூடுதல் நாட்களுக்கு எழுதிக் கேளுங்கள். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடு, அப்பளம், உப்புமாங்காய் மூன்றும் ஒரே இலையில் விழுந்தால் அது எங்கே நிற்கும்!

திடீரென வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தைலம் தேய்த்து நேரம் போக்காதீர்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறும். கையிலிருக்கும் பிரஷர் மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆகவே பாலக்காடோ கோவையோ, கோட்டயமோ தேனியோ, ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனையில் எது பக்கமோ அங்கே நேராகப் போங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போதே அப்படி இருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் குறியுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.