சத்தம் கூடும், சக்தி கூடுமா?

கேள்வி: என்னிடம் 2016 மாடல் மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. கழுவிப் போடும் காட்டன் ஏர் ஃபில்டரும் ஃப்ரீ-ஃப்ளோ சைலன்சரும் மாட்டினால் பிக்-அப், மைலேஜ் இரண்டும் கூடும் என்கிறார் கடைக்காரர். செலவு செய்யலாமா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். உங்கள் 1,197 சிசி இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் முழு வேகத்தில் ஓடினாலும் நிமிடத்துக்குச் சுமார் 3,600 லிட்டர் காற்றைத்தான் இழுக்கும். அதற்குத் தாராளமாகப் போதும்படிதான் கம்பெனி ஃபில்டர் வருகிறது. ஊருக்குள் ஓட்டும்போது 2,500-ஐத் தாண்டுவதே அபூர்வம். அப்போது காற்றைத் தடுப்பது ஃபில்டர் இல்லை. பாதிகூடத் திறக்காத த்ராட்டில் வால்வுதான்.

மைலேஜும் ஏறாது. உள்ளே போகும் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலை இன்ஜினின் கணினியான ஈசியு அளந்து விடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. நன்றாக அடைத்துப்போன ஃபில்டரை மாற்றியும் மைலேஜில் வித்தியாசம் தெரியவில்லை. பிக்-அப் மட்டும் 6 முதல் 11 சதவீதம் தேறியது. அந்தப் பலன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணப் பேப்பர் ஃபில்டரிலேயே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

எனக்குக் கவலை தூசியைப் பற்றித்தான். காட்டன் ஃபில்டரில் எண்ணெய் சரியாகப் படியாவிட்டால் நம் ஊர்ச் செம்மண் தூசி நேரே சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள், ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மாவு போலத் தூசி ஒட்டினால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். பெட்டியே இல்லாத கூம்பு ஃபில்டர் இன்னும் மோசம். பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுத்து, இருக்கிற சக்தியையும் குறைக்கும்.

சைலன்சரை மட்டும் மாற்றினால் உயர் ஆர்பிஎம்மில் ஒன்றிரண்டு குதிரைத்திறன் கூடலாம். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் கீழ் ஆர்பிஎம் இழுவை போய்விடும். சத்தம் கூடுவதால் வேகம் கூடியதாகத் தோன்றும், அவ்வளவுதான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி புகைக்கும் சத்தத்துக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

டர்போ இன்ஜினில், ஈசியு ரீமேப்போடு சேர்த்துச் செய்தால் கணக்கு வேறு. அங்கே பலன் உண்மையிலேயே தெரியும். உங்கள் வண்டியில் டர்போ இல்லை. பிக்-அப் குறைந்ததாகத் தோன்றினால் முதலில் ஸ்பார்க் பிளக், கிளட்ச், த்ராட்டில் பாடியில் படிந்த கரி, டயர் காற்று இவற்றை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.