படகை விட்டு இறங்கலாகாது

கேள்வி: புறாத்தீவுப் பக்கம் கடற்றொழிலுக்குப் போகும் தம்பியின் படகு, எஞ்சின் பழுதாகி இழுபட்டுப் போனால் என்ன செய்வது? (வாசகி, நிலாவெளி)

பதில்: அன்புச் சகோதரி, கரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தானே என்று கண்ணை நம்பித் தம்பி நீந்த முற்படாமல், உடனே நங்கூரமிட்டுப் படகிலேயே தங்கியிருப்பதுதான் உத்தமம், ஏனெனில் கச்சான் காற்று அங்கே எதையும் சமுத்திரத்தை நோக்கியே தள்ளும், தேடுவோருக்கும் மனிதத் தலையைவிடப் படகே சீக்கிரம் புலப்படும். வானொலிக் கருவி இருந்தால் 16ஆம் சேனலில் அழைக்கட்டும். நீங்களோ, தம்பி நேரத்துக்குத் திரும்பாவிட்டால், விடியும்வரை காத்திராமல், பொலிஸின் 119க்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ அறிவித்து, புறப்பட்ட நேரம், படகின் நிறம், கடைசியாகக் கண்ட இடம் ஆகிய விஷயங்களைச் சொன்னால், காற்றையும் நீரோட்டத்தையும் கணித்துத் தேடும் பரப்பைச் சுருக்குவது கடற்படையினருக்குச் சாத்தியமாகும். இவ்வெண்களையும் சொல்லவேண்டிய விவரங்களின் பட்டியலையும் இன்றே எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.