பேயா, நோயா? மனச்சிதைவு பற்றி அறிவோம்

படிப்பில் கெட்டிக்காரனான பிள்ளை திடீரென அறைக்குள் ஒதுங்குகின்றான். குளிப்பதில்லை. சோற்றில் நஞ்சு கலந்திருக்கின்றது என்கிறான். ஆளில்லாத பக்கம் பார்த்துப் பேசுகிறான். பெற்றோர் நூல் கட்டுகின்றனர், கழிப்புக் கழிக்கின்றனர். மாதங்கள் ஓடிவிடுகின்றன.

தண்ணீரூற்று போன்ற எமது ஊர்களில் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: செய்வினை அல்லது போர். போர் பலரது உள்ளத்தைக் காயப்படுத்தியது உண்மையே. ஆயினும் மனச்சிதைவு போரே காணாத நாடுகளிலும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. பரம்பரை, மூளையின் இரசாயன மாற்றம், வாழ்க்கை நெருக்கடி, கஞ்சாப் பாவனை எனப் பல காரணிகள் இதற்குண்டு. பெற்றோரின் வளர்ப்பு இதற்குக் காரணமல்ல.

அறிகுறிகள்

1. பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்டல்.
2. தன்னைக் கொல்லச் சதி நடக்கின்றது என்பது போன்ற, எவ்வளவு விளக்கியும் மாறாத நம்பிக்கை.
3. தொடர்பற்ற பேச்சு.
4. உணர்ச்சியின்மை, ஒதுங்குதல், வேலையிலும் சுத்தத்திலும் அக்கறையின்மை.

பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் இவை தொடங்கும். இவை சில வாரங்கள் நீடித்தால் தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள்.

சிகிச்சை

1950களில் குளோர்புரோமசின் என்னும் மருந்து வந்ததிலிருந்து இந்நோயைக் கட்டுப்படுத்த முடிகின்றது. இன்று றிஸ்பெரிடோன், ஒலான்சபின் முதலிய குளிசைகள் உண்டு. குளிசையை ஒழுங்காக எடுக்காதவருக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. குரல்கள் அடங்கச் சில வாரங்கள் ஆகலாம். நடுக்கம், உடல் விறைப்பு, தூக்கம், எடை கூடுதல் ஏற்பட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

பலர் தவறுவது இங்கேதான். "பிள்ளைக்குச் சுகம்" என்று வீட்டார் தாமாகவே குளிசையை நிறுத்திவிடுகின்றனர். நோய் திரும்புகின்றது. சுகமாயிருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளமே. எப்போது குறைப்பது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது மருந்தை ஒழுங்காகப் பெறுவதே அரிதாயிற்று. இன்று அதைப் பெற வழியிருக்க, நாமாகவே நிறுத்தலாமா?

கட்டி வைக்கலாமா?

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநோயாளர் இல்லமொன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினர். 28 பேர் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் சுகம் தேடியே வந்தவர்கள். சங்கிலி மருந்தாகாது. கோயிலுக்குச் செல்லுங்கள், செபியுங்கள், குளிசையையும் கொடுங்கள். ஒன்று மற்றதற்குத் தடையல்ல.

வீட்டார் கவனத்திற்கு

குரல் பொய்யென்று வாதாட வேண்டாம். "உனக்குப் பயமாக இருக்கும்" என்று ஆறுதல் சொல்லுங்கள். ஓயாத குறைகூறல் நோயைத் திரும்ப வரவழைக்கும். தோட்டம், கோழி வளர்ப்பு என்று இயன்ற வேலையைக் கொடுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாது உடன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

குழுவில் கலந்துரையாட

1. எமது ஊரில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும் நோயாளர் உண்டா?
2. கிளினிக் நாளில் அவரை அழைத்துச் செல்ல யார் முன்வருவார்?